கிளிக் கண்ணில் விட்ட சொட்டு

வக்கீல் வீட்டுக் கிழ நாய்க்குப் பார்வை திரும்பிய கதை இதற்குள் உங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்திருக்கும். தூணிலும் நாற்காலியிலும் முட்டிக்கொண்டு திரிந்த நாய். கண் ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்ததும் வக்கீலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ அந்நியன் என்று குரைத்ததாம். அது கடைசியாகப் பார்த்தபோது மனிதருக்குத் தலையில் முடி இருந்தது என்று வக்கீலின் மனைவியே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஆபரேஷனைச் செய்தவள் சின்னவள். மனிதர்களுக்குக் கண் வைத்தியம் பார்க்கிற டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி, தானே திறக்கும் கதவு, லிஃப்டுக்குள்கூட வாசனை. ஆனால் நாய்க்கு ஆபரேஷன் நடந்த இடம் அவள் அக்காவின் கிளினிக். அக்கா, அதாவது நம் பெரியவள், நாய், பூனை, மாடு, முயல் என்று வாயில்லா ஜீவன்களின் டாக்டர்.

தங்கையைக் கூப்பிட்டதும் அவளேதான். "கண்புரை எடுக்க உன் கை மாதிரி எனக்கு வராதுடி. ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று தன் வாயாலேயே போன் பண்ணினாள். அந்த ஒரு தடவைதான் இப்போது ஞாயிறு தவறாமல் நடக்கிறது. இந்த வாரம் புதன்கிழமை வேறு திடீரென்று வந்து நின்றாள். ஒட்டகத்துக்குத் தலை வைக்க இடம் கொடுத்தவன் கதை எல்லாருக்கும் தெரியும். கொடுக்கிற நேரத்தில் மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பொறாமை என்று நாம் சொன்னால் பெரியவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அசதி. "ஞாயித்துக்கிழமைன்னா ஒரே அசதியா வருது" என்பாள். சின்னவளின் கார் வாசலில் வந்து நிற்கும்போது அந்த அசதி நெஞ்சுக்குழியில் தொடங்கி, யாராவது 'சின்ன டாக்டர் கை ராசி' என்று சொல்லும்போது தொண்டை வரை ஏறும்.

இந்த ஞாயிறு காலை எழுந்தவுடனேயே அசதி.

காரணம், அவள் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். 'உன் கிளினிக்குக்குள்ள கால் வச்சா ரெண்டு நாளைக்கு மூக்குல நாய் வாடை' என்று கல்யாணமான நாளாக வாசலோடு திரும்பிவிடுகிற ஆள். அவர் இன்று காலருக்குக்கூட மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் பெரியவள்.

"கிளினிக்குக்குத்தான் வரேன். கிளிக்குக் கண் ஆபரேஷனாமே! எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? டாக்டர்கிட்ட நானும் வரேன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் என்றால் அவருக்குச் சின்னவள். கட்டின மனைவியும் டாக்டர்தான். ஆனால் அவளை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"போன வருஷம் ஒரு பசுவுக்கு வயித்தைக் கிழிச்சுக் கன்னுக்குட்டியை எடுத்தேன். தாயும் பிழைச்சுது, கன்னும் பிழைச்சுது. அப்ப இஸ்திரிப் பெட்டி எங்க போச்சு?"

"அது மாடுதானே இந்தாம்மா. மாடு கன்னு போடறது உலகத்துல நடக்காததா?"

பெரியவள் காபி டம்ளரைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

"ஆமா," என்றார் அவர், கைப்பகுதியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "உன் தங்கச்சி லீவா? அவ ஆஸ்பத்திரிலேருந்து கண்ணாடி போட வர்றவங்க கொஞ்ச நாளா வேற டாக்டர் பேரைத்தான் சொல்றாங்க. அவ பேரையே காணோம்."

"ஏன் காணாம போகுது? வாரத்துல பாதி நாள் என் கிளினிக்லயே குடியிருந்தா அங்க யார் இருப்பா? ரொம்பக் கவலைன்னா அவகிட்டயே கேளுங்க."

"கோவிச்சுக்காதே. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்ட கேள்வி. சரியான நேரத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வியும் அதுதான். பெரியவள் அதைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு அவரோடு புறப்பட்டாள்.

கிளினிக் வாசலில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் மேல் போர்டு எழுதுகிறவர், வாயில் பென்சில், கையில் டேப். கீழே அம்மா.

இந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பெண்களும் ஒரே பரீட்சையைத்தான் எழுதினார்கள். பெரியவளுக்கு மார்க் கொஞ்சம் இடறிவிட்டது, மாட்டு டாக்டருக்குப் போனாள். சின்னவளுக்கு இடறவில்லை, மனுஷ டாக்டர் ஆனாள். அன்றிலிருந்து அம்மா வருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னவ டாக்டர். பெரியவளும் ஒரு மாதிரி டாக்டர்தான்."

அந்த ஒரு மாதிரி டாக்டரின் வரவேற்பறையில் இப்போது டோக்கன் கொடுப்பது அம்மா. யாரும் கேட்கவில்லை, தானாகவே வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. பூனைக்குக் கண்ணா? சின்ன டாக்டருக்கு டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க, நேரமாகும். உங்களுக்கு? தடுப்பூசியா? அப்ப பெரியவகிட்ட நேரா போங்க. அங்க கூட்டமே இல்லை."

பெரியவள் இதைக் காதில் வாங்காதது போல ஏணியை நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா இது?"

"போர்டு மாத்தணும்னு போன வாரமே சொன்னேனேடி. உன் பேர் மட்டும் இருந்தா ஜனங்க இடம் தெரியாம திண்டாடறாங்க."

போர்டுக்காரர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "அம்மா சொல்றது, சின்ன டாக்டர் பேர் மேல பெரிசா, பெரிய டாக்டர் பேர் கீழ சின்னதா. எழுதிரலாங்களா? இல்ல, பெரிய டாக்டர் பெரிசா, சின்ன டாக்டர் சின்னதாவா? எனக்கே குழம்புது. ஒரு முடிவு சொல்லிட்டா பெயிண்டைக் கலக்கிருவேன்."

"இன்னும் கலக்காதீங்க" என்றாள் பெரியவள்.

பதினெட்டு வருஷம் அவள் பெயர் தனியாக நின்ற போர்டு அது. மழைக்கு ஓரம் துருப்பிடித்திருந்தது. வேறு எதில் போட்டியிட்டாலும் அவள் சின்னவளுக்கு அடுத்தவள். இந்தத் தகரத்தில் மட்டும் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டால் பிறகு அவளுக்கென்று என்ன மிச்சம்?

உள்ளே போனாள். மூன்று கால் பூனை அங்கேதான் இருந்தது. லாரிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து பெரியவள் பொறுக்கி எடுத்து, ஒரு காலை வெட்டி, ராத்திரி பகல் பார்த்துப் பிழைக்க வைத்த பூனை. அது சின்னவளின் கைப்பையின் மேல் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நன்றி கெட்டதுகளுக்கு நாலு கால் வேண்டுமென்பதில்லை.

"வந்துட்டியாக்கா! ஆள் வந்தாச்சு" என்றாள் சின்னவள். முழங்கை வரை நுரை பூசிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கழுவுவதைப் பார்ப்பதற்கே பெரியவளின் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு உள்ளே வந்து கதவோரம் இடம் பிடித்திருந்தார்.

"என்ன ஒரு நிதானம் பாரு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். பெரியவள் தினமும் எத்தனையோ முறை கை கழுவுகிறாள்.

ஆள் என்று சின்னவள் சொன்னது கிளியை. கூண்டோடு வந்திருந்தவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். கிளி அவருடைய பல் கிளினிக்கிலேயே வளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்தவர்கள் டிரில் சத்தத்துக்குப் பயந்ததைவிட இதற்குப் பயந்ததுதான் அதிகம். ஊசியை எடுத்தால் போதும், 'வாயைத் தொற... இன்னும் பெரிசா... வலிக்காது, வலிக்காது' என்று அவர் குரலிலேயே கத்தும். கிளினிக்கை மூடிய பிறகு அவர் வீட்டில் அவரும் அதுவும்தான். இப்போது அதன் கண் இரண்டிலும் பால் விழுந்தது போல வெள்ளை. கொம்பிலிருந்து தவறி விழுகிறது. விழ ஆரம்பித்ததிலிருந்து பேச்சையும் நிறுத்திவிட்டது.

"காலைல எழுந்து யார்கிட்டேருந்தாவது நாலு வார்த்தை கேட்டுப் பழகிட்டேம்மா" என்றார் பல் டாக்டர். "திட்டினாக்கூடப் பரவாயில்லை. சும்மா இருக்கே, அதான் தாங்கலை."

"கவலைப்படாதீங்க சார். ஒரு கண்ணை மட்டும் இன்னிக்குப் பார்த்துடலாம்" என்றாள் சின்னவள். "இல்லையாக்கா?"

"ம்" என்றாள் அக்கா, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டே.

இங்கே ஒரு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். மனிதர்களுக்குப் படித்தவர் மிருகத்தின் மேல் கை வைப்பதென்றால், பக்கத்தில் மிருக டாக்டர் ஒருவர் நின்றாக வேண்டும். அது சட்டம். ஆகவே ஞாயிறுதோறும் பெரியவள் மாஸ்க் கட்டிக்கொண்டு மேஜையின் கால்மாட்டில் நிற்பாள். சின்னவள் அடிக்கொரு தரம் கேட்பாள். "அக்கா, நாய்க்கு இந்த மருந்து ஆகுமா? அக்கா, இந்த அளவு போதுமா?" பெரியவள் சொல்வாள். வக்கீல் நாய்க்கு அப்படித்தான் நடந்தது. கேட்கிற வாய், சொல்கிற வாய், நடுவில் ஒரு நாய். அந்தக் கேள்விகளில் பெரியவளுக்கு ஓர் ஒத்தடம் இருந்தது என்பதை மறைப்பானேன்!

ஆனால் ஞாயிறுக்கு ஞாயிறு கேள்வி குறைந்துகொண்டு வந்தது. கை பழகிவிட்டது. பழகின கை யாரையும் கேட்பதில்லை.

கிளியைத் துண்டில் சுற்றிப் பெரியவள் பிடித்துக்கொண்டாள். சின்னவள் ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் கண்மணி விரிவதற்காக விடுகிற சொட்டு மருந்து. கண்மணி விரிந்தால்தான் பின்னால் இருக்கிற புரையை எடுக்கமுடியும். ஆஸ்பத்திரியில் அவள் எத்தனையோ கண்ணில் விட்ட மருந்து. தூக்கத்தில் எழுப்பினாலும் விடுவாள்.

விட்டாள். கேட்கவில்லை.

பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தது. பறவைக்கு அந்தச் சொட்டு வேலை செய்யாது. நமக்குக் கண்மணி தானாக விரியும், தானாகச் சுருங்கும். பறவைக்கு அது கை கால் மாதிரி. அது நினைத்தால்தான் விரியும். அங்கே இருக்கிற தசையே வேறு, அதற்கு மருந்தும் வேறு. இரண்டாம் வருஷப் பாடம். அவளுக்கு மார்க் இடறாத பாடம்.

சொல்லியிருக்கலாம். அதற்குள் கதவோரத்திலிருந்து, "டாக்டர் கையில ஒரு நடுக்கம் இருக்கா பாரு!" என்றார் அவள் வீட்டுக்காரர்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் சொல்லலாம். கேட்காததற்கு நாமாகப் போய்ச் சொல்வானேன்?

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகு போல அப்படியே இருந்தது. புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு சொட்டு.

"நேரம் எடுக்குமோ?" என்றார் பல் டாக்டர்.

"சில பேருக்கு எடுக்கும் சார்."

வெளியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, ஆச்சா? பூனைக்காரங்க கேக்கறாங்க."

"இரும்மா."

மறுபடியும் டார்ச். மறுபடியும் கடுகு. சின்னவளின் நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பெரியவள் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதன்முதலாகப் பார்க்கிறாள். பரீட்சைக்குப் போகும்போதும் வியர்க்காத நெற்றி அது. பெரியவளுக்குள் ஏதோ ஒன்று, காலையிலிருந்து இறுகிக் கிடந்தது, மெல்ல அவிழ்ந்து இனித்தது. மாஸ்க்குக்குள்ளே அவள் உதடு தானாக விரிந்தது. கிளியின் கண்மணிதான் விரியவில்லை.

சின்னவள் நிமிர்ந்து அக்காவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குப்பியை எடுத்து மூன்றாவது முறையும் விட்டாள்.

சின்னக் குழந்தைக்குக்கூட அந்த மருந்தை யோசித்துத்தான் விடுவார்கள். கிளி, குழந்தையின் உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. கண்ணில் விட்டது தொண்டைக்கும் இறங்கும், ரத்தத்துக்கும் போகும்.

துண்டுக்குள்ளே பெரியவளின் விரலடியில் அதன் மார்பு படபடத்தது. முதலில் பயம் என்று நினைத்தாள். பிறகு அந்தப் படபடப்பு, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, எண்ண முடியாத வேகத்துக்குப் போயிற்று. அலகு திறந்தது. கழுத்து தொய்ந்து அவள் கட்டை விரலின் மேல் சாய்ந்தது.

"நிறுத்துடி!" என்றாள் பெரியவள்.

"என்னக்கா?"

"கிளிக்கு இது ஆகாது! அந்த உப்புத் தண்ணி பாட்டிலை எடு. கண்ணைக் கழுவு. விடாம கழுவு. ஏங்க, அங்க நின்னு வேடிக்கை பார்க்காம அந்த ஆக்ஸிஜன் குழாயைத் தள்ளிவிடுங்க. அதில்லை, பச்சை. பச்சை!"

வீட்டுக்காரர் இஸ்திரிச் சட்டையோடு குழாயின் மேல் பாய்ந்தார்.

பெரியவளின் கை அதன் பாட்டுக்கு ஓடியது. பஞ்சால் அலகுக்குள் துடைத்தாள். சின்னக் கூம்பைத் தலைக்கு மேல் கவிழ்த்து ஆக்ஸிஜனைத் திறந்தாள். வெந்நீர்ப் பையைத் துண்டுக்கு அடியில் வைத்தாள். இறக்கையை விலக்கித் தோலுக்கடியில் ஊசியால் கொஞ்சம் திரவம் ஏற்றினாள். அவள் சொன்னதைச் சொன்னபடி சின்னவள் செய்தாள். வருஷக்கணக்கில் முதல் தடவையாக அக்கா சொல்ல, தங்கை செய்தாள். ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் பெரியவளுக்கு இனிக்கவில்லை.

பல் டாக்டர் காலிக் கூண்டைக் கட்டிக்கொண்டு மேஜையருகே வந்து நின்றார்.

"டாக்டர்," என்றார். பெரியவளைப் பார்த்துத்தான் சொன்னார். "உட்கார்ந்தவங்க எல்லார்கிட்டயும் வலிக்காதுன்னு சொல்லியிருக்கேன். முக்கால்வாசி பொய். அந்தப் பொய்யை எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்."

கண்மணி விரியாது என்பதைச் சொல்ல மறுத்த வாய், இப்போது சொல்ல நினைத்தும் திறக்கவில்லை. கிளியின் மார்பில் விரலை வைத்தபடியே நின்றாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு படபடப்பு கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம். கழுத்து விரலிலிருந்து எழுந்தது. கிளி ஒரு இறக்கையை உதறி, கூம்புக்குள்ளிருந்து யாரையோ கோபமாகத் திரும்பிப் பார்த்தது. பார்வைதான் இல்லையே, திசை தவறிச் சுவரைப் பார்த்தது.

"வாயைத் தொற" என்றது.

பல் டாக்டர் கூண்டைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னும் பெரிசா. வலிக்காது, வலிக்காது."

அழுதார். வெட்கமில்லாமல், தோளைக் குலுக்கிக்கொண்டு. நடுவே "பொய் சொல்றான் பார், படவா" என்று சிரிக்கவும் செய்தார்.

அப்புறம் நடந்ததையெல்லாம் பெரியவள் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி என்றே சொல்லலாம். சின்னவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தப்பு என்னோடது சார். பறவைக்கு இந்தச் சொட்டு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. அக்கா இல்லைன்னா இன்னிக்கு உங்க கிளி இல்லை. ஆபரேஷனை இன்னொரு நாள், அக்கா சொல்ற மருந்தோட பண்ணலாம்."

வரவேற்பறை மூக்கில் விரலை வைத்தது. பூனைக்கார அம்மாள், "எனக்கும் பெரிய டாக்டரே பார்க்கட்டும்" என்று டோக்கனை நீட்டினாள். வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு காபியைக் கொண்டுவந்து, கசங்கின சட்டையோடு மனைவியின் முன்னால் நின்றார்.

"டாக்டர்... காபி" என்றார்.

அம்மா வாசலுக்கு ஓடி ஏணியைப் பார்த்துக் கத்தினாள். "ஏம்ப்பா! பெரியவ பேரையே மேல எழுது! பெரிசா எழுது! ரெண்டு பேரும் டாக்டர்தான் எனக்கு."

"அப்ப சின்ன டாக்டர் கீழ சின்னதாவா?" என்றார் போர்டுக்காரர்.

"என் பேரே வேண்டாங்க" என்றாள் சின்னவள். "அக்கா பேர் தனியாவே இருக்கட்டும். ஓரத்துல துருவை மட்டும் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுடுங்க."

எல்லாரும் ஒரு நொடி அசந்து போனார்கள். "என்ன பெருந்தன்மை!" என்றார் வீட்டுக்காரர்.

பார்த்தீர்களா? கிடைத்த ஒரே கைத்தட்டலும் பாதியில் அந்தப் பக்கம் போய்விட்டது. விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். பெரியவளின் காபி கசந்தது.

கூட்டம் கலைந்தது. கிளி கூண்டுக்குள் இருந்து வழியெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டே போயிற்று. பின்னறைத் தொட்டியில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கழுவினார்கள். மாஸ்க் இரண்டும் குப்பைக் கூடையில்.

"அக்கா," என்றாள் சின்னவள், குழாயைப் பார்த்தபடி. "உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

"எது?"

"சொட்டு வேலை செய்யாதுன்னு."

"அந்த நேரத்துல ஞாபகம் வரலைடி. கிளி துவண்டதும்தான்..."

"மூணாவது சொட்டு விடறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பார்த்தேன். நீ சிரிச்சிட்டிருந்தே."

"மாஸ்க் கட்டியிருந்தேன். சிரிச்சேனாம்!"

"மாஸ்க் வாயைத்தான்க்கா மூடும். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பார்க்கறதே கண்ணைத்தானே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. சொல்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்து வீசினாள்.

"நீ கேக்கலையே! நாய்க்கு அடிக்கொரு தரம் கேட்டே. கிளிக்குக் கேட்டியா? பெரிய டாக்டராச்சே, நான் யாரு சொல்றதுக்கு?"

சின்னவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். சண்டை போட்டால் நன்றாக இருக்கும். சண்டையில் ஆளுக்குப் பாதி குற்றம். ஆனால் சின்னவள் குழாயை மூடிவிட்டுக் கையை உதறினாள்.

"கேக்கலைதான். என் தப்புதான். நான் கேக்கலைன்னு நீ சொல்லலை. நீ கேக்கலைன்னு நானும் ஒண்ணு சொல்லலைக்கா."

"என்னது?"

"புதன்கிழமை வேலை நாள்ல இங்க வந்து ஏன் நிக்கறேன்னு நீ கேக்கலை. ஆஸ்பத்திரில என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கலை. அம்மாகூட." குரல் தாழ்ந்தது. "அங்க என்னை ஆபரேஷன் ரூமுக்குள்ள விடறதில்லைக்கா. மனுஷங்க கண்ணை இனிமே தொடக்கூடாதுன்னுட்டாங்க. விசாரணை நடக்குது. உன் போர்டுல என் பேர் ஏறினா, நாளைக்கு உன் பேரும் சேர்ந்து கெடும். அதான் வேண்டாம்னேன்."

பெருந்தன்மை இல்லை. பயம்.

பெரியவள் திடுக்கிட்டுத்தான் போனாள். கூடப் பிறந்தவள் ஆயிற்றே. என்ன ஆச்சு, யார் சொன்னது, எந்தக் கண், என்று கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆனால் அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பழைய இனிப்பு நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கழுத்துக்கு வந்தது. கன்னத்துக்கு வந்தது. இந்தத் தடவை மாஸ்க் இல்லை. எதிரே, கண்ணைப் படித்தே பிழைப்பு நடத்துகிறவள், அக்காவின் கண்ணை நேராகப் பார்த்தபடி காத்திருந்தாள்.

வெளியே போர்டுக்காரர் துருவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

பெரியவள் சட்டென்று ஆணியிலிருந்த துண்டை இழுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தித் துடைத்தாள். முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.